மதில்மேல் ஒன்பது பேர்

மார்ச் 4, செவ்வாய்

இந்த ஊர் குடிக்கிற தண்ணீரை இருபத்தைந்து வருடம் சொட்டுச் சொட்டாகச் சோதித்துப் பார்த்ததற்கு இன்று எனக்கு ஒரு தட்டு நிறையச் செடி கொடுத்தார்கள். பன்னிரண்டு செடிகள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம். எல்லாவற்றுக்கும் தடித்த, சதைப்பிடிப்பான இலைகள். சில பொம்மைக் கடையில் விற்கிற முட்டைக்கோசு மாதிரி, சில பச்சை மணிகளைக் கோத்தது மாதிரி.

கொடுத்தவர் நேற்றுவந்தவர். அவர் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. என் கணக்கில் அவர் என்றைக்கும் நேற்றுவந்தவர்தான். திரவம் அளக்கிற பிப்பெட்டை எந்த விரலால் மூடுவது என்று நான் சொல்லிக்கொடுத்த ஆள். போன வருடம் எனக்கு வரவேண்டிய ஆய்வகத் தலைவர் நாற்காலியில் போய் உட்கார்ந்த ஆள். இன்று பேச்சு வேறு பேசினார். "சார் மாதிரியேதான் இந்தச் செடிங்களும். வெயில், குளிர், மழை, எது வந்தாலும் தாங்கும். வருஷக்கணக்கா இருக்கும். தனியா கவனிக்கவே வேணாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் மனைவி, "அழகா இருக்கே" என்றாள்.

"குப்பையில போடு."

"உங்களுக்குத்தானே குடுத்தாங்க. நீங்களே போடுங்க."

தட்டு வாசற்படியில் இருக்கிறது.

மார்ச் 7

தட்டு இன்னும் வாசற்படியில்தான். ஒன்றும் சாகவில்லை. நேற்றுவந்தவர் ஒரு விஷயத்திலாவது உண்மை பேசியிருக்கிறார்.

மார்ச் 9, ஞாயிறு

ஒரு யோசனை வந்தது. நெடுநாளுக்குப் பிறகு உற்சாகமாக ஒரு வேலை செய்தேன்.

பன்னிரண்டு மண்தொட்டி, பன்னிரண்டு ஐஸ்கிரீம் குச்சி. ஆய்வகத்தில் மாதிரிப் புட்டிகளுக்குப் பெயர் எழுதுவதுபோலவே, அழியாத மையில், அச்சுப் போன்ற எழுத்தில், ஒவ்வொரு குச்சியிலும் ஒருவர். எனக்குக் கெடுதல் செய்தவர்கள் ஒன்பது பேர். அவர்களுக்கு உடைந்த செங்கலும் சரளையும்தான் மண். இடம், வாசல்பக்க மதில்மேல், நாள் முழுக்க வெயில் காய்கிற இடத்தில். உரம் கிடையாது, தண்ணீர் கிடையாது. மீதி மூன்று பேருக்கு நல்ல செம்மண், தொழு உரம், பின்கட்டு நிழல், தினமும் தண்ணீர்.

ஒன்பது பேரைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. மற்ற மூன்றுக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. கடைசியில் மனைவி, மகள், நான்.

மதில்மேல் போனவர்கள்: நேற்றுவந்தவர். எதிர்வீட்டுப் பல் டாக்டர், எங்கள் வாசலில் பாதியை மறைத்துக் காரை நிறுத்துபவர். என் ஆராய்ச்சியின் மேல் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்ட வழிகாட்டி. கல்யாணத்துக்கு என் கால்சட்டையைக் கணுக்கால் தெரியத் தைத்த தையல்காரர் – ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் என் காலுறை தெரிகிறது. அகராதியின் இரண்டாம் தொகுதியை இரவல் வாங்கிப்போய்ப் பதினெட்டு வருடமாகத் திருப்பித் தராத சின்ன மைத்துனன். இன்னும் மூன்று பேர், அவர்களைப் பற்றி எழுதினால் தாள் போதாது.

ஒன்பதாவது, அக்கா.

ஏழு வருடம் முன்னால், ஒரு வேலை நாளில், அம்மாவுக்குப் பதினோரு மணிக்கு நெஞ்சு அடைத்தது. அக்கா பக்கத்திலேயே இருந்தாள். ஆய்வகத்திலிருந்து அம்மா வீட்டுக்குக் கால் மணி நேரம். அக்கா என்னைக் கூப்பிடவில்லை. எல்லாம் முடிந்து இரண்டேகாலுக்குத்தான் கூப்பிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "அம்மாதான் வேணாம்னாங்க" என்றாள். எந்தத் தாய் அப்படிச் சொல்லுவாள்? அதோடு பேச்சை நிறுத்தினேன். பஸ்ஸில் நான்கு நிறுத்தம் தள்ளித்தான் இருக்கிறாள், அம்மாவின் அதே வீட்டில்.

அக்காவின் தொட்டியை மதிலின் கோடியில், ஓடு உடைந்து சரிந்திருக்கும் இடத்தில் வைத்தேன்.

மார்ச் 10

மனைவி காலையில் காபியோடு மதிலோரம் போய் ஒவ்வொரு குச்சியாகப் படித்தாள். முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது.

"தையல்காரர் செத்து ஆறு வருஷம் ஆச்சுங்க."

"அதனால?"

"ஒண்ணுமில்ல. அவருக்கும் வெயில் படணுமான்னு கேட்டேன்."

பிறகு கோடித் தொட்டியைப் பார்த்தாள். ஆறின காபியோடு உள்ளே போய்விட்டாள். அக்காவை மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். இதைப் பேசாமலிருப்பதில் எங்களுக்கு நல்ல பயிற்சி.

மார்ச் 23

நிழலில் உள்ள மூவருக்கும் காலையில் ஆளுக்கு இருநூறு மில்லி. அளவுச் சாடியில் அளந்துதான் ஊற்றுகிறேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்று முந்தின நாளே பிடித்துத் திறந்து வைக்கிறேன். ஊரிலேயே இவ்வளவு சுத்தமான தண்ணீர் குடிக்கிற செடிகள் வேறு இருக்காது.

மதில்மேல் ஒன்பது பேரும் வதங்கட்டும்.

ஏப்ரல் 17

விடுதியிலிருந்து மகள் போன். அம்மாக்காரி எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள் போல.

"அப்பா, நான் எப்படி இருக்கேன்?"

"உனக்குத்தானே தெரியும்."

"தொட்டியில."

கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறாய் என்று சொல்லவில்லை. அடியிலைகள் கண்ணாடிபோல் ஆகியிருக்கின்றன. தொட்டால் கொழகொழவென்றிருக்கிறது. நாளையிலிருந்து இருநூற்றைம்பது.

ஏப்ரல் 20, ஞாயிறு

மகள் அழுகிவிட்டாள். இலையை லேசாகத் தொட்டேன், தலை தனியே கையில் வந்துவிட்டது. அடியில் கறுப்புச் சேறு.

மனைவி எழுந்திருப்பதற்குள் தொட்டியைப் பைக்குள் மறைத்துக்கொண்டு நர்சரிக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அம்மா நடத்துகிற சின்ன நர்சரி. நடந்ததைச் சொன்னேன். அளவைச் சொன்னதும் என்னையே பார்த்தாள்.

"தினமுமா?"

"அளந்துதான் ஊத்தினேன்."

"அளந்து ஊத்தினாலும் வெள்ளம் வெள்ளம்தானே சார். இது ஒட்டக ஜாதி. இலைக்குள்ளயே தண்ணிய வெச்சிருக்கும். ஒட்டகத்தைக் கொண்டுபோய் ஆத்துல முக்கி வெச்சா என்ன ஆகும்?"

"மத்ததெல்லாம் நல்லா இருக்கு" என்றேன், கௌரவத்தை விட்டுக்கொடுக்காமல். "மதில்மேல வெச்சிருக்கேன். சரளை, செங்கல்துண்டு. தண்ணி கிடையாது."

"அப்படித்தான் சார் வளக்கணும். அதுங்க மேலதான் உங்களுக்குப் பிரியம் ஜாஸ்தி போல."

அச்சு அசலாக அதேபோல் ஒரு செடி வாங்கி, மகளின் குச்சியைச் செருகி, எட்டு மணிக்குள் நிழலில் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 21

"மகள் ஒரே ராத்திரியில நல்லா தேறிட்டாளே" என்றாள் மனைவி. பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

மே 18, ஞாயிறு

உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். இது ஆய்வாளனின் குறிப்பு.

நேற்றுவந்தவர் இரண்டு மடங்கு பெருத்துவிட்டார், நாற்காலியில் உட்கார்ந்த பின் பெருத்தது போலவே. தையல்காரர் தொட்டி விளிம்பைத் தாண்டி வழிகிறார். வழிகாட்டி வெயிலில் சிவந்து மாணிக்கக்கல் மாதிரி இருக்கிறார், கண்றாவி. மைத்துனன் பக்கத்துத் தொட்டிக்குள்ளும் காலை நீட்டிவிட்டான். இரவல் வாங்கியே பழக்கப்பட்டவன்.

நிழலில், அன்போடு வளர்கிற நான் வெளிறி, நீண்டு, கழுத்தை நீட்டி வெளிச்சத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கமாகச் சாய்ந்தும்விட்டேன். மனைவி மட்டும் எப்படியோ கிண்ணென்று இருக்கிறாள். கேட்டேன்.

"நீங்க ஊத்திட்டுப் போனதும் நான் தொட்டியைக் கவுத்து வடிச்சிடுவேன்" என்றாள். "இருபத்திநாலு வருஷம் உங்களோட எப்படி இருந்தேன்னு நெனக்கறீங்க?"

இதில் பாடம் எதுவும் இல்லை. வெறும் தாவரவியல்.

மே 25

பல் டாக்டர் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சார், மாடியிலேருந்து தினமும் பாக்கறேன். பிரமாதம் போங்க. குச்சியில என்ன, செடி பேரா?"

"ஆமா. தாவரவியல் பேரு."

அவர் கண்ணாடியைத் தேடுவதற்குள் 'பல் டாக்டர்' என்று எழுதின குச்சியை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டேன். மனிதர் ஒரு செடி கேட்டார். என்ன செய்ய? அவரையே எடுத்து அவர் கையில் கொடுத்தேன். சந்தோஷமாகத் தன்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

சாயங்காலம் பார்த்தால் காரை நாலடி முன்னால் தள்ளி நிறுத்தியிருந்தார். தற்செயலாக இருக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

கோடியிலிருக்கும் அக்கா தொட்டியைச் சுற்றிக் குட்டிகள் முளைத்திருக்கின்றன. தாய்ச்செடியின் அடியிலிருந்து நூல்போல் தண்டு நீட்டி, நுனியில் பொத்தான் அளவில் ஒன்று. பதினான்கு எண்ணினேன். நர்சரி அம்மா சொன்னாள், இந்த வகைக்குக் கோழியும் குஞ்சும் என்று பெயராம்.

இன்னொன்றும். தாய்ச்செடியின் நடு உச்சி மேலே எழும்புகிறது. பூக்கப் போகிறது. பன்னிரண்டில் முதல் பூ. எனக்கு ஏன் பெருமையாக இருக்க வேண்டும்? ஆனால் இருந்தது. தண்டை அளவுகோல் வைத்து அளந்தேன். ஆறு சென்டிமீட்டர்.

ஜூன் 15

சாப்பிடும்போது மனைவி, தட்டைப் பார்த்துக்கொண்டே: "உங்க அக்கா வீட்டைக் காலி பண்றாங்க. பையனோடயே போய் இருக்கப் போறாங்களாம். அடுத்த மாசம் இருபத்தாறாம் தேதி டிக்கெட்."

அக்கா மகன் இருக்கிற ஊருக்கு ரயிலில் இரண்டு நாள்.

"திரும்பி வர்றதா உத்தேசம் இல்ல" என்றாள்.

"போகட்டும்" என்றேன்.

தண்டு பதினொன்று செ.மீ.

ஜூன் 22, ஞாயிறு

தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நர்சரிக்குப் போனேன். பூவைக் காட்டத்தான். மொட்டுகள் இளஞ்சிவப்பில் கொத்தாக வந்திருக்கின்றன. பஸ்ஸில் இரண்டு பேர் கேட்டார்கள்.

நர்சரி அம்மா கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "அருமையா வளத்திருக்கீங்க. எத்தனை நாளாச்சு தண்டு வந்து?"

"மூணு வாரம்."

"அப்ப இன்னும் ஒரு மாசம், ஒன்றரை மாசம்."

"எதுக்கு?"

"தாய்க்கு. இந்த வகை ஒரே ஒரு தடவைதான் சார் பூக்கும். பூ முடிஞ்சா தாய் காஞ்சிடும். குஞ்சுங்க இருக்கும்."

"தண்டை வெட்டிட்டா?"

"வெட்டினாலும் போயிடும். அது முடிவு பண்ணிடுச்சு."

"தண்ணி ஊத்தினா?"

சிரித்தாள். "ஏழு கடலையும் ஊத்துங்க."

திரும்பும்போது குச்சியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அக்கா என்ற எழுத்தோடு அந்தச் செடியைப் பார்த்துக்கொண்டு நான்கு நிறுத்தம் தாண்ட முடியவில்லை. அவள் வீட்டு நிறுத்தத்தையும் தாண்டித்தான் பஸ் வருகிறது.

ஜூன் 23

படித்தவன் நான். ஒரு செடிக்கும் ஒரு மனுஷிக்கும் குச்சியில் எழுதினதால் சம்பந்தம் வந்துவிடாது என்று தெரியும். தெரிந்தும், காலையில் அந்தத் தொட்டிக்கு நூறு மில்லி ஊற்றினேன்.

ஜூன் 29, ஞாயிறு

மதியம் சண்டை.

மனைவி கேட்டாள், "கெளம்பறதுக்குள்ள ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரலாமே."

நான் வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொன்னேன். பதினோரு மணி. இரண்டேகால். கால் மணி நேரத் தொலைவு. "அம்மா வேணாம்னாங்களாம். பொய். அம்மாவுக்கு நான்னா உயிர். எந்த அம்மா சொல்லுவா அப்படி?"

அவள் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"அட்டையை மறந்துட்டீங்களா?"

"எந்த அட்டை?"

"அத்தை போனுக்கு மேல நீங்க ஒட்டின அட்டை."

எனக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. அவள்தான் சொன்னாள். அன்றைக்கு எனக்கு முன்னால் போனவள் அவள். உள்ளே போனபோது அக்கா முக்காலிமேல் ஏறி நின்று, நகத்தால் ஒரு அட்டையைச் சுவரிலிருந்து உரித்துக்கொண்டிருந்தாளாம். அக்கா போனைக் கையில் எடுத்தபோது அம்மா அந்த அட்டையைக் காட்டி, "அவன் எழுதியே வெச்சிருக்கான் பாரு. வேலை நேரத்துல கூப்பிட்டா கோவிச்சுக்குவான். அஞ்சு மணிக்கு வருவான்ல, பாத்துக்கலாம். எனக்கு ஒண்ணுமில்ல" என்றாளாம். டாக்டர் வந்துகொண்டிருந்தார். அக்காவும் அப்படித்தான் நினைத்தாளாம், ஒன்றுமில்லை என்று.

"நீங்க வந்து அதைப் பாத்துடக் கூடாதுன்னு உரிச்சாங்க. என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. ஏழு வருஷம் ஆச்சு. நீங்க திட்டினதையெல்லாம் கேட்டுட்டுதான் இருக்காங்க."

குழாயைத் திரும்பவும் திறந்தாள்.

ஜூன் 30

ஆய்வகத்தில் மூன்று மாதிரிகளுக்கு எண்களை மாற்றி எழுதினேன். நேற்றுவந்தவர் கண்டுபிடித்து அவரே திருத்திவிட்டுப் போனார்.

ஜூலை 2

இப்போது எல்லாம் ஞாபகம் வருகிறது. வராமலே இருந்திருக்கலாம்.

அம்மா ஒரு நாள் பதினோரு மணிக்கு ஆய்வகத்துக்குப் போன் செய்தாள். குழாய் சொட்டுகிறது, என்ன செய்வது என்று கேட்க. நான் பியூரெட்டின் கீழே நின்றுகொண்டிருந்தேன். மேலே அந்தக் கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டு விழும்; கீழே குடுவையில் மஞ்சள் திரவம் செங்கல் நிறத்துக்கு மாறுகிற அந்த ஒரு சொட்டில் நிறுத்த வேண்டும். போனை எடுக்கப் போய் அது தாண்டிவிட்டது. கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதப் போவதில்லை. எழுதவும் வேண்டாம், எனக்கே தெரியுமே.

ஞாயிற்றுக்கிழமை போய்க் குழாயைச் சரிசெய்தேன். அப்போதுதான் அட்டை. வெள்ளை அட்டை, சிவப்பு மை. "காலை 9 முதல் மாலை 5 வரை ஆய்வகத்துக்குக் கூப்பிட வேண்டாம்." கீழே இரட்டைக் கோடு. அம்மா நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராகத் தெரிகிற மாதிரி, நான்கு மூலையிலும் பசை தடவி ஒட்டினேன். "எழுத்து முத்து முத்தா இருக்குடா" என்றாள்.

அதே எழுத்துதான் குச்சிகளில்.

ஜூலை 6

தண்டு இருபத்திரண்டு. எல்லாப் பூவும் விரிந்துவிட்டது. அடியில் தாயின் இலைகள் சுருங்கத் தொடங்கியிருக்கின்றன.

நானும் நிழலை விட்டு மதிலுக்கு மாறிவிட்டேன். கோடியில், அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வெயில் சுடுகிறது போல. இரண்டு இலை கருகிவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

போனேன்.

மனைவியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குஞ்சுகளில் பெரிதாக ஒன்றை எடுத்துத் தகர டப்பாவில் நட்டு எடுத்துக்கொண்டேன். என்ன பேசுவது என்று பஸ்ஸில் நான்கு விதமாக யோசித்தேன், ஒன்றும் உதவவில்லை. கதவைத் திறந்தவள் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. அவளுக்கா, எனக்கா – இரண்டு பேருக்கும்.

"செருப்பைக் கழட்டிட்டு வா. இப்பத்தான் கூட்டினேன்" என்றாள்.

ஏழு வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

வீடெல்லாம் அட்டைப்பெட்டி. ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தேன். "அதுல பீங்கான் இருக்கு" என்றாள். இன்னொன்றுக்கு மாறினேன். டீ கொடுத்தாள். என் தொப்பையைப் பற்றி ஒன்று சொன்னாள், அவள் மூட்டு வலியைப் பற்றி ஒன்று சொன்னாள். அவள் உள்ளே போன நேரத்தில் எழுந்து போன் இருந்த சுவருக்குப் போனேன். அங்கே இப்போது நாட்காட்டி தொங்குகிறது. தூக்கிப் பார்த்தேன். பின்னால் நான்கு மூலையில் நான்கு பசைக்கறை.

"அங்க என்னடா தேடற?"

"இங்க ஒரு அட்டை இருந்துச்சு."

"என்ன அட்டை?"

"நான் எழுதி ஒட்டினது. அம்மாவுக்கு."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு நாட்காட்டியை என் கையிலிருந்து வாங்கி, நேராக மாட்டினாள்.

"அப்படி ஒண்ணும் இருந்த மாதிரி எனக்கு ஞாபகம் இல்லையே."

மூன்றாம் வகுப்பில் நான் கணக்கில் வாங்கின மதிப்பெண் இவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அதை டீ குடிக்கும்போதுதான் சொல்லிச் சிரித்தாள்.

"அக்கா" என்றேன்.

"டப்பாவுல என்ன?" என்றாள்.

செடியைக் காட்டினேன். மதில், சரளை, வெயில் எல்லாம் சொன்னேன். குச்சிகளைப் பற்றிச் சொல்லத்தான் இருந்தேன், அதற்குள் அவளே சொல்லிவிட்டாள். "உன் பொண்டாட்டி சொன்னா. ஓட்டை ஓட்டு மேல உக்கார வெச்சியாமே என்னை."

"நீதான் முதல்ல பூத்தே."

"பின்ன?" என்றாள்.

ரயிலில் இரண்டு நாள் மண் டப்பாவைத் தூக்கிப்போக முடியாது என்றாள். மண் தேவையில்லை என்றேன். இந்தச் செடி மண்ணும் தண்ணீரும் இல்லாமல் இரண்டு வாரம்கூடச் சும்மா கிடக்கும். வேரை உதறிக் காட்டினேன். யோசித்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து நீட்டினாள். உள்ளே வைத்து மூடினோம். சரியாகப் பொருந்தியது.

"கண்ணாடியை எங்க வெப்பே?"

"மூக்கு எதுக்கு இருக்கு?"

வாசலில் செருப்பு மாட்டும்போது, "எப்ப தண்ணி ஊத்தணும்?" என்று கேட்டாள்.

"ஊத்தாதே. மறந்துடு."

"அது எப்படிடா முடியும்." பிறகு, "அங்க போய்ச் சேந்ததும் போன் பண்றேன். அஞ்சு மணிக்கு மேல பண்றேன்" என்றாள்.

அஞ்சு மணிக்கு மேல். அட்டை ஞாபகமில்லாதவள்.

"எப்ப வேணும்னாலும் பண்ணு" என்றேன். "பதினோரு மணிக்குப் பண்ணு. ஆய்வகத்துக்கே பண்ணு."

தலையாட்டினாள். உடனே கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பஸ் ஏறாமல், நான்கு நிறுத்தமும் நடந்தே வந்தேன்.

ஜூலை 26

ரயில் ஏற்றிவிட்டு வந்தோம். ஜன்னல் வழியாக மனைவியிடம் அரை மணி நேரம் பேசினாள், என்னிடம், "சட்டையை அயர்ன் பண்ணிப் போடுடா" என்றாள். கண்ணாடி மூக்கில் இருந்தது. கூடு கைப்பையில்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தாய்ச்செடி காய்ந்துவிட்டது. பிடித்து இழுத்ததும் காய்ந்த சோளத்தட்டை மாதிரிக் கழன்று வந்தது. அந்த இடம் வெறுமையாக இருக்கும் என்று நினைத்தேன். பதின்மூன்று குஞ்சுகளும் நெருக்கியடித்துக்கொண்டு ஏற்கெனவே பாதியை மூடிவிட்டன.

குச்சிகளை எல்லாம் உருவிக் கழுவினேன். மை போகவில்லை, அழியாத மையை நான்தானே பார்த்துப் பார்த்து வாங்கினேன். அடுப்பங்கரை டப்பாவில் போட்டுவைத்தேன். இப்போது மதில்மேல் யார் யார் என்று தொட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. தையல்காரரை மட்டும் அடையாளம் தெரிகிறது. அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன், மன்னிக்க முடியாது.

என் தொட்டி சாய்வு நிமிர்ந்து, நுனி சிவந்திருக்கிறது. கருகின இலைகள் தாமாகவே உதிர்ந்துவிட்டன.

ஆகஸ்ட் 19

நேற்றுவந்தவர் மெதுவாக என் மேசைக்கு வந்து, தனக்கென்று வாங்கிவைத்த செடி அழுகிவிட்டது, என்ன காரணமாக இருக்கும் என்று கேட்டார்.

"தினமும் தண்ணி ஊத்தறீங்களா?"

"ஆமா சார். ஜன்னலோரமாத்தான் வெச்சிருந்தேன், பாத்துப் பாத்து."

விளக்கிச் சொன்னேன். பிப்பெட் பிடிக்கக் கற்றுக்கொண்ட நாளில் பார்த்த அதே முகத்தோடு கேட்டுக்கொண்டார். மதிலிலிருந்து ஒன்று கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன். எது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. சின்னதாக ஒன்று.

செப்டம்பர் 3, புதன்

காலை பதினொன்று இருபதுக்கு ஆய்வகப் போன் அடித்தது. நான் பியூரெட்டின் கீழே நின்றுகொண்டிருந்தேன். நிறம் மாறுவதற்கு இன்னும் இரண்டு சொட்டோ மூன்று சொட்டோ.

எடுத்தேன்.

"வேலையா இருக்கியாடா?"

"இல்ல. சொல்லு."

"அது செத்துப்போச்சுன்னு நெனக்கறேன். தொட்டா கொழகொழன்னு வருது."

"தண்ணி ஊத்தினியா?"



"கொஞ்சமாத்தான். தினமும் ஒரு டம்ளர்."

இருபது நிமிடம் பேசினோம். செடியைப் பற்றி ஐந்து நிமிடம் இருக்கும். மீதி, மருமகள் சமையல், ஊர்த் தண்ணீரின் ருசி, அம்மா குழாயை எப்போதும் இறுக்கி மூடத் தெரியாமல் விட்டது. திரும்பி வந்தபோது குடுவையில் எல்லாம் செங்கல் நிறம். கொட்டிவிட்டு முதலிலிருந்து செய்தேன்.

சாயங்காலம் மூன்று குஞ்சுகளை எடுத்து உதறி என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்தேன். இரண்டு வாரம் விடுப்பு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மனைவி ரயில் நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஒண்ணு போதாதா?" என்றாள்.

"மூணையும் கொன்னுடுவா" என்றேன். "யாராவது பக்கத்துல இருந்து பாத்துக்கணும்."